வீட்டை வாடகைக்கு விடுமுன்: யாரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

மதுரையில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் இடறுகிறார்கள். சிலர் வந்த முதல் ஆளிடமே அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆறாம் மாதம் வாடகை நின்ற பிறகுதான், கையில் ஒப்பந்தமும் இல்லை, அடையாள அட்டை நகலும் இல்லை என்பது உறைக்கும். வேறு சிலர் வருகிறவரின் ஊர், தெரு, குலசாமி வரைக்கும் துருவுவார்கள். எங்கே வேலை பார்க்கிறார், பழைய வீட்டை ஏன் காலி செய்கிறார் என்ற இரண்டு கேள்வியை மட்டும் கேட்க மாட்டார்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீடு வீடாக இருக்குமா என்பதை இந்த இரண்டு கேள்விதான் சொல்லும்.

வில்லாபுரத்தில் மாடி போர்ஷன் விடுகிறவருக்கும், கே.கே.நகரில் தனி வீடு விடுகிறவருக்கும், வேலை மாறிச் சென்னைக்குப் போவதால் திருநகர் வீட்டைப் பூட்டிப்போட மனமில்லாதவருக்கும் முறை ஒன்றுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

போர்டு மாட்டும் முன்

"டு-லெட்" போர்டைக் கேட்டில் மாட்டுவதற்கு முந்தைய நாளே ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை வண்டி நிறுத்தலாம், கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், மோட்டார் போடுவது யார் பொறுப்பு, கரண்ட் பில் எப்படி என்று எழுதிக்கொள்ளுங்கள். வருகிற எல்லாருக்கும் இந்த ஒரே தாள்தான். ஆளுக்கொரு வாடகை, ஆளுக்கொரு நிபந்தனை என்று போகத் தொடங்கினால், எதை வைத்து யாரை வேண்டாம் என்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

எத்தனை பேர் என்பதை முடிவு செய்ய, வீட்டைப் பாருங்கள். தொட்டி எத்தனை லிட்டர், மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, கக்கூஸ் ஒன்றா இரண்டா? இரண்டு ரூம் வீட்டுக்கு ஐந்து பேர் போதும் என்று தோன்றினால், அது ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கும் பொருந்த வேண்டும், ஐந்து கல்லூரிப் பையன்களுக்கும் பொருந்த வேண்டும். தண்ணீர் உப்பு என்றால் அதையும் தாளில் எழுதி, பார்க்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துவிட்டு அவர் மூன்றாம் மாதமே காலி செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வருமானத்துக்கும் ஓர் அளவு வையுங்கள். வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வாடகை என்றால் இழுத்துப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். வாடகை 9,000 ரூபாய் என்றால், வீட்டில் சம்பாதிக்கிற எல்லாருடையதும் சேர்த்து 27,000 வந்தால் போதும். இது என் கணக்கு; சட்டத்தில் இப்படி எதுவும் இல்லை. நீங்கள் வேறு அளவு வைக்கலாம். எந்த அளவானாலும் வருகிற எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

புரோக்கரிடம் விடுவதானால் இந்தத் தாளில் ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். "நம்ம ஆளுகளாப் பாத்துக் கொண்டுவாங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவது இந்த ஊரில் சர்வசாதாரணம். நீங்கள் சொல்லாவிட்டாலும், அவராகவே அப்படிச் சலித்துத்தான் கூட்டிவருவார். "தாளில் இருக்கிறதை மட்டும் பாருங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

வீடு பார்க்க வரும்போது

கோரிப்பாளையம் ராஜாஜி மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் மாடி போர்ஷன் பார்க்க வருகிறார் என்று வையுங்கள். வீட்டுக்கார அம்மா திண்ணையில் உட்காரவைத்துப் பேசுகிறார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"மேலூர் பக்கம்மா."

"மேலூர்ல எங்கிட்டு?"

"கொட்டாம்பட்டி தாண்டி, ஒரு கிராமம்மா."

"கிராமத்துல எந்தத் தெரு? குலசாமி எது உங்களுக்கு?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய கேள்விதானே. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேம்மா" என்று எழுந்துவிடுவார். இவ்வளவு நேரம் பேசியும் வீட்டுக்கார அம்மா முக்கியமான ஒன்றைக் கேட்கவில்லை: நைட் டூட்டி உண்டா, எத்தனை மணிக்குத் திரும்புவார்? பத்து மணிக்குக் கேட் பூட்டுகிற வீட்டில் அதல்லவா முதல் கேள்வி? தனிச் சாவி கொடுக்கலாமா, கீழே தூங்குகிறவர்களுக்குச் சத்தம் கேட்குமா என்று அப்போதே பேசி முடித்திருந்தால் இருவருக்கும் நிம்மதி.

கேட்க வேண்டியவை இவைதான். யார் யார் குடியிருப்பீர்கள்? வேலை எங்கே, எத்தனை வருடமாக? இப்போது இருக்கிற வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள்? எப்போது குடிவருவீர்கள், எத்தனை நாள் இருக்கிற யோசனை? வாடகையை எந்தத் தேதியில், எப்படிக் கொடுப்பீர்கள்? வண்டி எத்தனை? நாய், பூனை உண்டா? வீட்டிலேயே தொழில் நடத்துவீர்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தையல் மெஷின் ஒன்று போட்டுக்கொள்வது வேறு. வீட்டையே சமையல் ஆர்டர் எடுக்கும் கூடமாக்கிக்கொள்வது வேறு.

கேட்கக் கூடாதவை: சாதி, அதைச் சுற்றி வளைத்துக் கேட்கும் தெருவும் குலசாமியும், மதம், "ஏன் இன்னும் குழந்தை இல்லை", "புருஷன் எங்கே", என்ன நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். வாடகை ஒழுங்காக வருமா என்பதைப் பற்றி இதில் ஒன்றுகூட எதுவும் சொல்லாது.

சட்டம் என்ன சொல்கிறது

"என் வீடு, என் இஷ்டம்" என்கிற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பாதிதான் சரி. யாருக்கு விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குச் சட்டம் போட்ட வேலியும் உண்டு.

முதலாவது, 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருக்க விடாமல் தடுப்பது அதன் 4-ஆம் பிரிவின்படி குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. 12-ஆம் பிரிவைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. குற்றத்துக்குத் தூண்டுகிறவருக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. புரோக்கரிடம் சொல்லிவிடும் அந்த ஒரு வாய்வார்த்தையை இதை வைத்து யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் முன்னிலையில் சாதியைச் சொல்லி அவமதித்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துசேரும்.

இரண்டாவது, திருநர்களுக்கான 2019-ஆம் ஆண்டு உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். வீட்டை வாடகைக்கு எடுப்பதிலும் குடியிருப்பதிலும் அவர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்றாவது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை வீடு விஷயத்தில் அதிலும் இதே பாதுகாப்பு உண்டு.

மதத்தைக் காட்டியோ, கல்யாணம் ஆகவில்லை என்பதைக் காட்டியோ தனியார் ஒருவர் வீடு தர மறுத்தால், அதை நேராகத் தண்டிக்கிற சட்டம் இப்போதைக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்: கோரிப்பாளையத்தில் கடை வைத்து இருபது வருடம் வரி கட்டுகிற ஒரு முஸ்லிம் குடும்பம், அண்ணாநகரில் வீடு தேடி ஒவ்வொரு வாசலிலும் பெயரைச் சொன்னதும் "நேத்தே பேசி முடிச்சாச்சு" என்று கேட்டுத் திரும்புவது எந்த வகையில் நியாயம்? கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வருகிற ஆசிரியை, வாடகை கொடுப்பதில் யாருக்குக் குறைந்தவர்? சட்டம் பேசாத இந்த இடத்தில், நாம் எழுதி வைத்த தாள்தான் பேச வேண்டும்.

"சைவம் மட்டும்" என்கிற நிபந்தனை பற்றி ஒரு வார்த்தை. ஒரே அடுப்படிச் சுவர், ஒரே முற்றம் என்று நெருங்கிய காம்பவுண்டு வீட்டில் இது உங்களுக்கு உண்மையான தேவையாக இருக்கலாம். அப்படியானால் போர்டிலேயே எழுதிவிடுங்கள். தெரிந்து வருகிறவர் வரட்டும். சாதியைக் கேட்காமல் சாதி பார்க்கும் வழியாக அதைப் பயன்படுத்தாதீர்கள். வருகிறவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

சொன்னதைச் சரிபார்ப்பது

பேச்சு பிடித்துப்போனால் அடுத்தது சரிபார்ப்பு. அடையாளத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எது கொடுத்தாலும் போதும். ஆதாரே கொடுக்கிறார் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கேளுங்கள்; ஆதார் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் குறுக்காக "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யாருடைய அசல் அட்டையையும் சான்றிதழையும் ஈடாக வாங்கி வைக்கக் கூடாது. வீடு கொடுக்காதவர்களின் நகலைக் கிழித்துப்போடுங்கள். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வேலையும் வேண்டாம்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இருந்தால் நல்லது. எல்லாரிடமும் அது இருக்காது. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், உயர் நீதிமன்றக் கிளையில் புதிதாகத் தொழில் தொடங்கிய இளம் வக்கீல் எல்லாரும் எங்கே போய்ச் சம்பளச் சீட்டு வாங்குவார்கள்? ஆறு மாத பாஸ்புக்கையோ, ஜிபே கணக்கையோ காட்டச் சொன்னால் மாதாமாதம் பணம் வருவது தெரிந்துவிடும். பார்த்தால் போதும், நகல் தேவையில்லை. மாணவர்கள் என்றால் கல்லூரி அடையாள அட்டையும், வாடகைக்குப் பொறுப்பேற்கிற பெற்றோர் ஒருவரின் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நாகமலை புதுக்கோட்டை, திருப்பரங்குன்றம் பக்கம் மாணவர்களுக்கு விட்டுப் பழகியவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது பழைய வீட்டுக்காரரோடு ஐந்து நிமிடப் பேச்சு. வருகிறவரிடம் அனுமதி கேட்டு எண்ணை வாங்குங்கள். இப்போதைய வீட்டுக்காரருக்கு ஆளை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தால் வாயாரப் புகழ்வார். அனுப்ப மனமில்லாவிட்டால் குறை சொல்வார். அதனால் அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடமும் பேசுங்கள். அவருக்கு எந்தப் பக்கமும் லாப நஷ்டம் இல்லை. "ஆள் எப்படிங்க?" என்று கேட்டால் "நல்ல ஆளுதான்" என்றுதான் பதில் வரும். "வாடகை எந்தத் தேதியில கொடுப்பாங்க? காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல என்ன பிடிச்சீங்க? மறுபடி வந்தா வீடு கொடுப்பீங்களா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரமே பாதி பதில்.

சொந்தமாக முதல் வீடு எடுக்கிறவருக்குப் பழைய வீட்டுக்காரரே இருக்க மாட்டார். அதைக் குறையாக எடுக்காமல், வேலையிடத்தில் மேலதிகாரி ஒருவரிடம் பேசிக்கொள்ளலாம்.

போலீஸ் சரிபார்ப்பு

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம்; கட்டணம் உண்டு. குடிவருகிறவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், எல்லாருக்கும் செய்யுங்கள். வடநாட்டுத் தொழிலாளி என்றால் போலீஸுக்குப் போவது, உள்ளூர்க்காரர் என்றால் விட்டுவிடுவது என்பது சரிபார்ப்பே அல்ல. குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கட்டாயம் தர வேண்டும் என்று சில நேரங்களில் காவல் ஆணையர்கள் உத்தரவு போடுவதுண்டு. 2012-இல் சென்னையில் அப்படி நடந்தது. உத்தரவு அமலில் இருக்கும்போது மீறினால், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223-ஆம் பிரிவில் வழக்கு வரும். அதனால் உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. வெளிநாட்டவர் என்றால் தங்கவைக்கிறவர்தான் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆமா, இல்லை சொல்வது

தாளில் உள்ளதற்குப் பொருந்தி, விசாரணையிலும் தேறியவர்களில் முதலில் வந்தவருக்குக் கொடுங்கள். பின்னால் வந்தவர் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் பேச்சை மாற்றாதீர்கள். டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் ரசீது எழுதிக் கொடுங்கள். விசாரணைக்குப் பிறகு வேண்டாம் என்று முடிவானால் முழுப் பணத்தையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேண்டாம் என்றால் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். "வருமானம் பத்தாதுன்னு தோணுச்சுங்க, வேற இடம் பாருங்க" என்று காரணத்தோடு சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் போனை எடுக்காமல் இருப்பதால், அவர் நான்கு நாள் வேறு வீடு பார்க்காமல் காத்திருப்பார். பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நான்கு நாள் பெரிது. யார் யார் வந்தார்கள், யாருக்கு ஏன் இல்லை என்றோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதி வைப்பதும் நல்லது. நாளை யாராவது கேள்வி எழுப்பினால் உங்களுக்குச் சாட்சி அந்த நோட்டுதான்.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22-இலிருந்து நடப்பில் இருக்கிறது. மதுரை மாநகராட்சி எல்லைக்குள் உங்கள் வாடகை விவகாரம் இதன் கீழ்தான் வரும். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிந்து ஒரு பதிவு எண் வாங்க வேண்டும். "பதினோரு மாசம் போட்டா பதிய வேண்டாம்" என்று டைப்பிங் கடையில் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றிய கணக்கு. ஒரு வருடத்துக்குக் குறைந்த ஒப்பந்தத்துக்கு அங்கே போக வேண்டியதில்லை. வாடகை அதிகாரியிடம் பதிவது பதினோரு மாதத்துக்கும் உண்டு. பதியாத ஒப்பந்தத்தைப் பிரச்சினை வரும்போது நீட்டினால் பயன் இருக்காது.

அட்வான்ஸ், மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம் சொல்லும் அளவு. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் மட்டும் விலக்கு. நம் ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்டால், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டக் கூடியவர், ஆனால் மொத்தமாக 90,000 புரட்ட முடியாதவர், முதல் நாளே விலகிப்போவார். கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வட்டி கட்டத் திணறுகிறவர்தான் வந்து சேர்வார். மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். ஒத்திக்கு விடுவதாக இருந்தால் அது அடமானக் கணக்கு. ஒரு வக்கீலிடம் கேட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துதான் செய்ய வேண்டும்.

பேசியதை எல்லாம் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள்: குடியிருக்கப் போகிறவர்களின் பெயர்கள், வாடகைத் தேதி, கரண்ட் பில் யார் பெயரில் எப்படி, வெள்ளையடிப்புக்கு எவ்வளவு பிடித்தம், உள்வாடகைக்கு விடக் கூடாது என்பது, காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு. வாடகை எத்தனை நாளுக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். இரண்டு பிரதியில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தகராறு வந்தாலும் தண்ணீரை நிறுத்துவது, பியூஸைப் பிடுங்குவது, பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுவது எதுவும் செல்லாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை அந்த 2017 சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. காலி செய்ய வைக்க வழி வாடகை நீதிமன்றம்தான். இரண்டு மாத வாடகைப் பாக்கி, அனுமதி இல்லாத உள்வாடகை போன்ற காரணங்களை வைத்து அங்கே போகலாம்.

சாவி கொடுக்கும் நாளில் குடிவருகிறவரோடு சேர்ந்து வீட்டை ஒரு சுற்று வாருங்கள். சுவர், கதவு, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, அவருக்கும் அங்கேயே அனுப்பிவிடுங்கள். உடைந்த ஓடு இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். ஈ.பி. மீட்டரில் அன்றைய ரீடிங் எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்க வருவார்கள் என்பதால், நடுவில் குடிவந்தவர் பழைய ஆள் ஓட்டிய யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்டும்படி ஆகிவிடும். மீட்டர் தனியாக இல்லாத போர்ஷன் என்றால், பில்லை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று முதல் பில் வரும்போதே அவரிடம் தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் மாத வாடகைக்கே ரசீதும் எழுதிக் கொடுங்கள்.